பெயர் தெரியாத கம்பெனி தரம் போட்ட பழைய காசை வாங்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டது: "அண்ணே, இணையத்தில் ஒருவர் பிரிட்டிஷ் காலத்து ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஒரு டாலர், 1908-ஆம் ஆண்டுக் காசு, விற்கிறார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து, எம்எஸ் 66 என்று தரம் போட்டு லேபிள் ஒட்டியிருக்கிறது. விலை 2,800 ரிங்கிட். தரம் போட்ட கம்பெனியின் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதே கம்பெனியின் பெட்டியில் 1971-ஆம் ஆண்டு இருபது சென் ஒன்றைப் போன வாரம்தான் வாங்கினேன். பாட்டி வைத்திருந்த ஜார்ஜ் மன்னர் ரூபாய் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதையும் இவர்களிடமே கொடுத்துப் பெட்டியில் போடலாமா?"

தம்பி, அந்த டாலரை அந்த விலைக்கு வாங்காதீர்கள். காசு போலி என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பார்த்து மட்டும் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்த 66 என்ற எண்ணுக்குப் பின்னால் யாரும் இல்லை. அதைவிட மோசம், காசு வெறும் கையில் இருந்தால் நீங்களே செய்துபார்க்கக்கூடிய சோதனைகளையும் அந்தப் பெட்டி தடுத்துவிடுகிறது. பெட்டி இல்லாத காசைவிட, பெயர் தெரியாத பெட்டியில் இருக்கும் காசுக்கு நான் குறைவாகத்தான் கொடுப்பேன். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

இந்த எண் கணக்கைத் தொடங்கி வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். 1949-இல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்களுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். பிறகு உலகமே எல்லாக் காசுக்கும் அதைப் பிடித்துக்கொண்டது. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, அதைத்தான் எம்எஸ் என்கிறோம். 50 முதல் 58 வரை லேசாகப் புழங்கியது, அது ஏயு. பழகாத கண்ணுக்கு ஏயு 55-க்கும் எம்எஸ் 66-க்கும் வித்தியாசம் தெரியாது. விலையில் அது பல மடங்கு. தில்லுமுல்லு நடப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். முழுப் போலியை விற்றால் என்றாவது மாட்டிக்கொள்வார்கள். நல்ல காசுக்குப் பத்துப் புள்ளி கூட்டிப் போட்டால், "அது எங்கள் கருத்து" என்று கையை விரித்துவிடலாம்.

தரம் போடும் நம்பகமான அமெரிக்க நிறுவனங்கள் விற்பது பிளாஸ்டிக்கை இல்லை. ஏஎன்ஏசிஎஸ் 1972-இல் வந்தது, பிசிஜிஎஸ் 1985-இல், என்ஜிசி 1987-இல். பின்னால் வந்த இரண்டும்தான் இன்று சந்தையை ஆள்கின்றன. காசு யாருடையது என்று தெரியாமல் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பார்த்து எண் போடுகிறார்கள், அதை இன்னொருவர் முடிவு செய்கிறார். காசு போலி என்றோ தரம் கூட்டிப் போடப்பட்டது என்றோ பின்னால் தெரிந்தால், தங்கள் உத்தரவாத விதிப்படி ஈடு கொடுக்கிறார்கள். தேய்த்துக் கழுவிய காசு, கீறல் பட்ட காசு, வளையம் வைத்து நகையாக்கிய காசு என்றால் எண்ணே போடாமல் "டீடெயில்ஸ்" என்று எழுதிக் காரணத்தையும் சொல்லிவிடுவார்கள். அவர்களும் தவறுவது உண்டு. ஒரே காசை இரண்டு முறை அனுப்பினால் ஒரு புள்ளி முன்னே பின்னே வரலாம். ஆனால் தவறினால் அவர்கள் கையிலிருந்து பணம் போகும். அந்தப் பயம்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

பெயர் தெரியாத கம்பெனிகளில் இந்தப் பயம் கிடையாது. பல இடங்களில் விற்பவரும் தரம் போடுபவரும் ஒரே ஆள், அல்லது ஒரே குடும்பம். கல்யாணத் தரகரே ஜாதகத்தையும் எழுதிக் கொடுத்தால் பத்துப் பொருத்தமும் பொருந்தாமல் இருக்குமா? காலிப் பெட்டியும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் மொத்த விலைக்கு இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு லேபிள் பிரிண்டர் போதும். பெயர் வைப்பதிலும் சாமர்த்தியம் இருக்கிறது: பெரிய நிறுவனங்களின் மூன்று நான்கு எழுத்துகளில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே நிறத்தில் லேபிள் அடிப்பார்கள். "எங்கள் இணையப் பக்கத்தில் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். சரி, பார்த்தால் என்ன வரும்? லேபிளில் இருப்பதையே திரும்ப எழுதிய ஒரு வரி வரும். படம் இருக்காது. இதே தரத்தில் இதுவரை எத்தனை காசு பார்த்தார்கள் என்ற கணக்கு இருக்காது. உத்தரவாதம் என்ற பக்கத்தில் ஈடு கொடுப்பதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

எல்லாச் சிறிய கம்பெனியும் ஏமாற்றுக் கம்பெனி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேர்மையாகப் பார்த்து, சந்தையில் மட்டும் மதிப்பு குறைவாக உள்ளவையும் உண்டு. வாங்குபவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நாளைக்கு நீங்கள் விற்கப் போகும்போது கடைக்காரர் லேபிளைப் பார்த்துவிட்டு, பெட்டி இல்லாத காசுக்கு என்ன விலையோ அதைத்தான் சொல்வார்.

இனி உங்கள் 1908 டாலர். இதன் வரலாறு தெரிந்தால் சோதிப்பது சுலபம். ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் 1903-இல் முதலில் வந்தபோது 26.95 கிராம், 90 விழுக்காடு வெள்ளி. சந்தையில் வெள்ளி விலை ஏறியது. காசை உருக்கி விற்றாலே லாபம் என்ற நிலை வந்துவிடக்கூடாது என்று 1907-இல் அதைச் சிறிதாக்கினார்கள்: 20.21 கிராம், குறுக்களவு 34.5 மில்லிமீட்டர், வெள்ளி அதே 90 விழுக்காடு. 1919, 1920-இல் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு வந்த டாலர் இன்னும் இளைத்து 16.85 கிராம் ஆனது, வெள்ளியும் பாதிதான். ஆக, 1908 என்றால் 20.21-ஐ ஒட்டி எடை வர வேண்டும். புழங்கித் தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். எம்எஸ் 66 என்று சொல்லிவிட்டு அரை கிராம் குறைந்தால் அந்த லேபிளே பொய். எட்வர்டு மன்னர் தலை போட்ட டாலரில் 1905, 1906 என்று வருடம் பார்த்தால் எடை போடவே வேண்டாம், அந்த ஆண்டுகளில் டாலர் அச்சிடவில்லை.

நூற்றில் ஒரு பங்கு கிராம் வரை காட்டும் சிறிய தராசு மலிவாகவே கிடைக்கிறது. தண்ணீரில் தொங்கவிட்டு ஒப்படர்த்தியும் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற கணக்கு) பார்த்துவிடலாம், 90 விழுக்காடு வெள்ளிக்குச் சுமார் 10.3 வரும். ஆனால் இதெல்லாம் காசு கையில் இருந்தால்தானே? பெட்டியோடு எடை போட்டால் பெட்டியின் எடை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. போலிகள் அதிகம் காட்டிக்கொடுப்பது விளிம்பில்தான்: வார்த்தெடுத்த காசில் சுற்றிலும் ஒரு ஒட்டுக்கோடு தெரியும், பற்கள் சீராக இருக்காது. பெட்டி அந்த விளிம்பை மறைத்துவிடும். ஜார்ஜ் டவுன் லெபு பாசார் பக்கம் சில நகைக்கடைகளில் எக்ஸ்ரே கருவி வைத்திருப்பார்கள், அதற்கும் இடையில் பிளாஸ்டிக் இருந்தால் சரியாக வேலை செய்யாது. உலோகத்தின் மின்கடத்து திறனை அளக்கும் கருவி ஒன்று உண்டு, அது பிளாஸ்டிக்கைத் தாண்டியும் அளக்கும். ஆனால் அது விலை அதிகம், எல்லாக் கடையிலும் இருக்காது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரும்புப் போலி மாட்டும், செம்பும் நிக்கலும் கலந்து செய்தது மாட்டாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: நல்ல வெள்ளியிலேயே செய்த போலிகளும் உண்டு. வெள்ளி சரியாக இருப்பதால் காசும் சரி என்று ஆகிவிடாது.

விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பெட்டியை உடைத்து எடை போட்டுப் பார்க்கிறேன், சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" தன் சரக்கின் மேல் நம்பிக்கை உள்ள கடைக்காரர், "என் முன்னால் உடைத்துப் பாருங்கள்" என்பார். மற்றவர், "பெட்டி உடைந்தால் காசு திரும்ப எடுக்க முடியாது" என்று விதி பேசுவார். வாங்கிய பிறகு சந்தேகம் வந்து உடைத்தால் பணம் போச்சு, உடைக்காவிட்டால் உண்மை தெரியாது. இந்த மாதிரிக் கடைகள் பிழைப்பதே இந்தச் சிக்கலை வைத்துத்தான்.

படத்திலேயே பார்க்கக்கூடியதும் உண்டு. காசை விளக்குக்குக் கீழே மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அச்சான நிலையிலேயே இருக்கும் வெள்ளிக் காசில் ஒளிக்கீற்று வட்டமாகச் சுழன்று ஓடும். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் அந்த ஓட்டம் இருக்காது, முழுக்க ஒரே மினுமினுப்பாக நிற்கும், மயிரிழைபோலக் கீறல்கள் ஒரே திசையில் போகும். மகுடம், தாடி, தோளில் உள்ள அங்கி என்று மேடாக இருக்கும் இடங்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அது புழங்கிய காசு, 66 இல்லை. அப்புறம் விலை. ஹெரிடேஜ், ஸ்டாக்ஸ் பவர்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏல முடிவுகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். 1908 டாலர், பெரிய இரண்டு நிறுவனங்களின் எம்எஸ் 66 தரத்தில் என்ன விலைக்குப் போனது என்று தேடுங்கள். பிறகு அதே காசு ஏயு தரத்தில் என்ன விலை என்று தேடுங்கள். உங்களுக்குச் சொன்ன 2,800 இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றால், விற்பவருக்கே அது 66 இல்லை என்று தெரியும் என்றுதான் அர்த்தம். உண்மையான 66 கையில் இருப்பவர் ஏன் பெரிய நிறுவனத்துக்கு அனுப்பி முழு விலை வாங்காமல் இருக்கிறார்?

"அப்படியானால் பிசிஜிஎஸ், என்ஜிசி பெட்டியாகப் பார்த்து வாங்கினால் போதும்" என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது. அந்தப் பெட்டிகளுக்கே போலி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. உண்மையான ஒரு காசின் பதிவு எண்ணைத் திருடி நூறு போலிப் பெட்டிகளில் அச்சடிப்பார்கள், எண்ணைத் தேடினால் சரியாகவே வரும். அதனால் எண்ணோடு நிற்காமல் படத்தையும் ஒப்பிடுங்கள்: நிறமாற்றம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்த இடத்தில் புள்ளி, எந்த இடத்தில் கீறல். இரண்டு காசுக்கு இவை ஒன்றுபோல அமையாது. பெட்டியில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்து போகாதீர்கள், அது போலித் தளத்துக்கே கூட்டிப்போகலாம். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பிசிஜிஎஸ் 2020 முதல் பெட்டிக்குள் ஒரு சிப் வைக்கத் தொடங்கியது, கைப்பேசியை அருகில் கொண்டுபோனால் காட்டும். பழைய பெட்டிகளில் அது இருக்காது, அதனால் மட்டும் போலி என்று முடிவு கட்ட வேண்டாம்.

நம் மலேசியக் காசுகளுக்கு எம்எஸ் 70 என்று லேபிள் போட்டு நேரலையில் ஏலம் விடுகிறார்கள், கவனித்திருப்பீர்கள். 70 என்றால் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு குறைகூட இல்லாத காசு. புழக்கத்துக்கு அடித்த காசு, அச்சு இயந்திரத்திலிருந்து மற்ற காசுகளின் மேல் விழுந்து, மூட்டையில் உரசி, எண்ணும் இயந்திரத்தில் ஓடி வருகிறது. அதில் 70 வருவது அபூர்வத்திலும் அபூர்வம். ஒருவர் மேசையில் 1989-க்குப் பிந்தைய செம்பருத்திப் பூ வரிசைக் காசுகள் பத்தும் 70 என்று அடுக்கியிருந்தால் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

இப்போது நீங்கள் வாங்கிவிட்ட 1971 இருபது சென். எனக்கு உண்மையான கவலை இதில்தான். அந்த ஆண்டு இருபது சென் 20,000 மட்டுமே அச்சானது, 1967 முதல் வந்த நாடாளுமன்றக் கட்டட வரிசையில் பெயர்போன காசு அது. அதனால் சாதாரண வருடக் காசில் கடைசி எண்ணை மாற்ற ஆசை வரும். 1977-இல் கடைசி 7-ஐச் சுரண்டி 1 ஆக்குவது பெரிய வித்தை இல்லை. இங்கே தராசு உதவாது: காசு உண்மையானது, எடை 5.65 கிராம் சரியாகவே இருக்கும், உலோகமும் சரி. பார்க்க வேண்டியது அந்த ஓர் எண்ணை மட்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் வைத்து, கடைசி 1-ஐ ஆண்டின் தொடக்கத்தில் உள்ள 1-ஓடு ஒப்பிடுங்கள்: தடிப்பு, உயரம், அடிப்பகுதியின் வடிவம். எண்ணைச் சுற்றியுள்ள தளத்தில் அரம் பட்டதுபோலக் கீறலோ, அங்கே மட்டும் வேறு மினுமினுப்போ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் பெட்டியை உடைக்காதீர்கள். ஷாப்பி மாதிரியான தளத்தில் வாங்கியிருந்தால், "பொருள் கிடைத்தது" என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பணத்தைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போடுங்கள். நாள் கடந்துவிட்டால் பணம் விற்பவர் கைக்குப் போய்விடும். தளத்துக்கு வெளியே நேரடியாக டியூட்நவ் (வங்கிப் பணமாற்று) வழியாக அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனாலும் விற்பவர் கடை வைத்துத் தொழிலாகச் செய்பவர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரை வழக்கு எடுத்துக்கொள்வார்கள், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. விளம்பரம், உரையாடல், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் இன்றே படம் எடுத்து வையுங்கள், நாளைக்கு அந்த விளம்பரம் இருக்காது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். தன் பழைய பொருளைத் தனியாள் ஒருவர் விற்ற விவகாரம் என்றால் அந்த மன்றத்தில் எடுபடாது.

இனிமேல் வாங்குவதென்றால் நேரில் பார்த்து வாங்குங்கள். பினாங்கு லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் நல்ல காசும் கிடைக்கும், குப்பையும் கிடைக்கும். அங்கே ராமர் பட்டாபிஷேகம், அனுமார் எல்லாம் பொறித்து "ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818" என்று போட்ட காசைக் காட்டி, நம் ஆட்களைப் பார்த்தாலே "சாமி காசு" என்று கூப்பிடுவார்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பூஜையறையில் வைக்க ஐந்து பத்து ரிங்கிட்டுக்கு வாங்கினால் அது உங்கள் விருப்பம். அதையும் பெட்டியில் போட்டு தரம் எழுதி விற்கும் கம்பெனி என்றால், அதன் மற்ற லேபிள்களை நீங்கள் படிக்கவே தேவையில்லை. கோலாலம்பூர் போனால் சாசானா கிஜாங்கில் பேங்க் நெகாராவின் அருங்காட்சியகம் இருக்கிறது. உண்மையான ஸ்ட்ரெய்ட்ஸ் காலத்துக் காசுகளை அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். போலியைப் பிடிக்க அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

பாட்டியின் ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். அதை அந்தக் கம்பெனிக்குக் கொடுக்காதீர்கள், இப்போதைக்குப் பெரிய நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டாம். நம் வீடுகளில் வெள்ளிக் காசு சும்மா இருந்ததில்லை. தீபாவளிக்கும் ஆடிக்கும் புளி போட்டுத் தேய்ப்போம், திருநீறு போட்டுத் துடைப்போம். சிலர் வளையம் பற்றவைத்து மாலையில் கோத்திருப்பார்கள், பிறகு அதை அறுத்திருப்பார்கள். இதில் எது நடந்திருந்தாலும் நேர்மையான நிறுவனம் "டீடெயில்ஸ்" என்று எழுதித்தான் திருப்பி அனுப்பும். கட்டணம், போகவர அஞ்சல் செலவு, காப்புறுதி எல்லாம் சேர்ந்து காசின் விலையையே தாண்டிவிடலாம். அந்தப் பெயர் தெரியாத கம்பெனி மட்டும் சந்தோஷமாக 65 போட்டுக் கொடுக்கும்.

வருடத்தை மட்டும் ஒரு தரம் பாருங்கள். 1911 என்றால் கொஞ்சம் விசேஷம்: மன்னர் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றிபோல இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். "பன்றி ரூபாய்" என்று சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். பல முறை தேய்த்த காசில் அந்தத் தும்பிக்கை இருந்த இடமே தெரியாது என்பது வேறு கதை. எந்த வருடமாக இருந்தாலும் எடை 11.66 கிராமை ஒட்டி இருக்கும். இனிமேல் அதைத் தேய்க்காதீர்கள். கறுப்பு ஏறினால் ஏறட்டும். வளைந்து கொடுக்கும் மெத்தென்ற பிவிசி உறையில் வைக்க வேண்டாம், நம் ஊர் வெக்கையில் அது பச்சையாகக் கசிந்து காசை அரிக்கும். மைலார் என்ற பிவிசி இல்லாத பிளாஸ்டிக் உறை வாங்கி, கூடவே சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலம் போட்டு, அலமாரியில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள்.